இன்டர்நெட்னா என்ன தம்பி?



இன்டர்நெட்டைப் பற்றி இனிமேல் யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். கையில் போன் இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரைக்குடிச் சந்தையில் கீரைக்கட்டு விற்கிற அம்மா முன்னாலும் கியூஆர் அட்டை நிற்கிறது. பிறகென்ன பாடம்?

என் கருத்து இதற்கு நேர் எதிர். பாடம் எடுக்க வேண்டிய காலமே இப்போதுதான் வந்திருக்கிறது. 20 வருஷத்துக்கு முன்னால் இன்டர்நெட் தெரியாதவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பிரௌசிங் சென்டர் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் முடிந்தது. இன்று அப்படியா? பட்டா, கரண்ட் பில், ரயில் டிக்கெட், பென்ஷன், ரேஷன் கார்டு... வேண்டாம் என்றாலும் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்தவர் யார், என்ன குணம், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

நாம் செய்துவைத்த அறிமுகம் எப்படி இருக்கும் தெரியுமா? "இந்தப் பச்சையா இருக்குல்ல, அத அமுக்குங்க அப்பத்தா. இப்ப இத அமுக்குங்க. இப்ப மேல தள்ளுங்க. அய்யோ, அது இல்ல!" அடுத்த வாரம் அப்டேட் வந்து பச்சை பட்டன் இடம் மாறும். அப்பத்தா மறுபடி முதல் படியில். நாமும் சலித்துப்போய் "குடுங்க, நானே பண்ணிடறேன்" என்று போனைப் பிடுங்கிவிடுவோம். இதற்குப் பெயர் சொல்லித்தருவதா?

பட்டனைக் காட்டாதீர்கள், விஷயத்தைச் சொல்லுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். "அதெல்லாம் அவங்களுக்குப் புரியாது" என்று சொல்லாதீர்கள். புரியும். அதுவும் நம்ம செட்டிநாட்டுக்காரர்களுக்கு ரொம்ப நன்றாகவே புரியும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இன்டர்நெட் எங்கே இருக்கிறது? மேலே வானத்தில் இருக்கிறது, டவரில் இருந்து வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். (கிளவுட் என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்!) டவர் என்பது நம் போனுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற கடைசித் துண்டு மட்டுமே. பெரும்பாதை முழுக்க மண்ணுக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் கிடக்கிற கேபிள்தான். தலைமுடி கனத்துக்குக் கண்ணாடி இழை, அதற்குள் ஓடுகிற வெளிச்சம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடலடியில் அப்படி ஒரு கேபிள் 2002 முதல் ஓடுகிறது. சிங்கப்பூரில் இருக்கிற மகன் வீடியோ காலில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பது இந்த மாதிரி வழியில்தான் வந்து சேருகிறது. அந்தக் காலத்தில் நம்ம ஊர் ஆட்கள் கப்பலேறிப் போனார்களே, அதே கடல். மேலே போனார்கள், இப்போது பேச்சு கீழே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து, ஒரு படமோ பேச்சோ எப்படிப் போகிறது? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நம்ம ஊர் வீடுதான். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று ஒரு இடம் இருக்கிறது, 1996ல் திறந்தது. அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கலாம். நம்ம பக்கத்தில் நின்ற வீட்டின் பாகங்களைப் பிரித்து எடுத்துப்போய் அங்கே மறுபடி நிறுத்தியது. முழு வீட்டை லாரியில் ஏற்ற முடியாது. தூண் தனி, நிலை தனி, உத்திரம் தனி என்று பிரிக்க வேண்டும். எது எங்கே இருந்தது என்று அடையாளம் போட வேண்டும். பத்து லாரி பத்து வழியில் போகலாம், ஒன்று முந்தலாம், ஒன்று பிந்தலாம். போய்ச் சேர்ந்ததும் அடையாளத்தைப் பார்த்து வரிசையாக நிறுத்தினால் வீடு வந்துவிடும். ஒரு தூண் வரவில்லையா, "அந்த நம்பர் தூணை மறுபடி அனுப்பு" என்று சொல்லிவிடலாம் (வீட்டுக்கு முடியாது, இன்டர்நெட்டில் முடியும்!).

நீங்கள் அனுப்புகிற போட்டோவும் அப்படித்தான் துண்டு துண்டாகப் போகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் போக வேண்டிய விலாசம், வந்த விலாசம், எத்தனையாவது துண்டு என்ற நம்பர். வீடியோவில் பேசுகிறவர் முகம் திடீரென்று கட்டம் கட்டமாக உடைகிறதே, அது சில தூண்கள் இன்னும் வந்து சேராத வீடு. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் தச்சுவேலை செய்கிற பெரியவர் "அட, இவ்வளவுதானா" என்றார். அவருக்கு நான் ஒரு பட்டனும் காட்டவில்லை.

பாடப்புத்தகத்தில் இருக்கிற 1969, அர்பாநெட், டிம் பெர்னர்ஸ் லீ இதெல்லாம் பரீட்சைக்கு. பெரியவர்களுக்குச் சொல்லித்தரும்போது தாராளமாக விட்டுவிடலாம். ஒன்றே ஒன்று மட்டும் சுவைக்காகச் சொல்லலாம். 1969 அக்டோபர் 29ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு "லாகின்" என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆக, நெட் பாதியில் நிற்பது பிறவிக்குணம், நம்ம போனின் குற்றம் இல்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் இது திறந்துவிடப்பட்டது. அன்று பிறந்த பிள்ளைக்கே இன்று 30 வயது தாண்டிவிட்டது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். பணம்.

போனில் பணம் அனுப்புவது ஏதோ மந்திரம் என்று நினைத்துத்தான் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த ஊரின் அரண்மனை மாதிரி வீடுகள் எல்லாம் கிட்டத்தட்ட இதே முறையில் வந்த காசில்தான் எழுந்தன! ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் உண்டியல் என்று ஒன்று இருந்தது. ஹுண்டி என்றும் சொல்வார்கள். கோயில் உண்டியல் இல்லை, இது ஒரு சீட்டு. அங்கே ஒரு கடையில் பணத்தைக் கட்டினால், "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை இந்தப் பக்கம் அவர்களோடு கணக்கு வைத்திருக்கும் கடையில் காட்டினால் பணம் கிடைக்கும். இரண்டு கடைகளும் தங்களுக்குள் கணக்கை அப்புறம் நேர் செய்துகொள்ளும். ரூபாய் மூட்டை கடல் தாண்டவில்லை. செய்தி மட்டும்தான் தாண்டியது.

2016 ஏப்ரலில் வந்த யூபிஐயும் அதே கதைதான். நீங்கள் 50 ரூபாய் அனுப்பினால் எந்த நோட்டும் எங்கேயும் போவதில்லை. உங்கள் வங்கி உங்கள் கணக்கில் 50 குறைத்து எழுதுகிறது, கடைக்காரர் வங்கி அவர் கணக்கில் 50 கூட்டி எழுதுகிறது, நடுவில் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு சேதியைக் கொண்டுபோகிறது. அன்றைக்கு நாள் கணக்கில் ஆனது, இன்று சில நொடியில் ஆகிறது.

இப்போது கேளுங்கள். உண்டியலில் "கொடுக்கவும்" என்று கையெழுத்துப் போடுவது யார்? கொடுக்கச் சொல்லுகிறவர். போனில் அந்தக் கையெழுத்துதான் பின் நம்பர். பின் நம்பரைப் போட்டால் "என் கணக்கிலிருந்து கொடு" என்று நீங்கள் உத்தரவு எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது "உங்களுக்குப் பணம் அனுப்பறேன், பின் நம்பர் போடுங்க" என்றால் அவன் உங்கள் பணத்துக்கு உங்களையே உண்டியல் எழுதச் சொல்கிறான்.

இது தெரியாமல் போனதுதான் எங்கள் தெரு அம்மா ஒருவருக்கு நடந்தது. வீட்டில் சும்மா கிடந்த பழைய தேக்கு பீரோவை விற்க ஆன்லைனில் படம் போட்டுக் கொடுத்தான் அவர் பேரன். ஒருவன் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன் என்றான். (நம்ம ஊரில் பழைய சாமானைப் பேரம் பேசாமல் வாங்குகிறவனா? அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் படத்தை அனுப்பினான். "ஸ்கேன் பண்ணி நம்பர் போடுங்கம்மா, காசு ஏறிடும்." ஏறவில்லை, 8,000 ரூபாய் இறங்கியது. அந்த அம்மாவுக்கு ஸ்கேன் செய்யத் தெரியும், நம்பர் போடத் தெரியும், எல்லா பட்டனும் தெரியும். பேரன் அருமையாகச் சொல்லித்தந்திருந்தான். அந்த நம்பர் என்னது என்று மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் எனக்கு இந்தப் பட்டன் பாடத்தின் மேல் கோபம். பாதிப் பாடம் ஒன்றும் தெரியாததைவிட ஆபத்து.

இந்த மாதிரி நடந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். நாடு முழுக்க ஒரே எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. அவமானம் என்று மறைத்துவிட்டு மூன்றாம் நாள் சொல்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். அதேபோல, போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டினால் போனை வைத்துவிடலாம். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார்.

ஓடிபியும் கையெழுத்தின் தம்பிதான். மெசேஜில் வரும் அந்த ஆறு இலக்க எண்ணை யாரிடம் சொன்னாலும் நம் பெயரில் ஒரு காரியத்தைச் செய்ய அவருக்கு அனுமதி கொடுத்தோம் என்று அர்த்தம். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே என்று நமக்குச் சொல்லித்தந்ததே இதே பெரியவர்கள்தானே! அவர்கள் மொழியில் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

கருவியை மட்டும் கொடுத்துவிட்டால் போதாது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திருப்பத்தூர் தாண்டிப் போனால் மேலூர். அந்த வட்டத்துக் கிராமங்களில் 2001ல் சாரி என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடி, அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் சேர்ந்த பெரிய முயற்சி. ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் மூலம் கிராமத்துக்கு இன்டர்நெட் வந்தது. சின்னக் கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா. சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அங்கிருந்தே மனுப்போட்டார்கள். கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் போனே அபூர்வமாக இருந்த நேரத்தில் இது பெரிய அதிசயம்தான். ஆனால் தனியார் நடத்திய கடைகளில் பெரும்பாலானவை 2005க்குள் மூடிவிட்டன. வருமானம் போதவில்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, பயிற்சி பெற்றவர்கள் இல்லை. பின்னால் ஆய்வு செய்தவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது, நன்றாகப் பயிற்சி பெற்ற ஆள் இருந்த கடைகள் மற்றவற்றைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தன என்பது. ஒயரும் டவரும் எல்லாக் கடைக்கும் ஒன்றுதான், ஆள்தான் வேறு.

புதுச்சேரி வீராம்பட்டினத்துக் கதை இன்னும் சுவாரசியம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கரையிலேயே தெரிந்துவிடும். அந்த ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் சிலர்தான், பயன்பட்டது ஊருக்கே. அவர்களுக்கு இன்டர்நெட் என்பது பட்டன் இல்லை, நாளைக் காலை அலை எவ்வளவு உயரம் என்ற பதில். ஆரம்பப் பாடம் இப்படித்தான் தொடங்க வேண்டும். "உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று முதலில் கேளுங்கள்.

நான் கேட்டுப் பார்த்ததில் வந்த பதில்கள் எல்லாம் சின்னச் சின்னது. பல்லவன் இன்று நேரத்துக்குக் கிளம்பியதா? உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறிவிட்டதா? (இது வெறும் எஸ்எம்எஸ், இன்டர்நெட்டே வேண்டாம். வந்த மெசேஜைப் படிக்கத் தெரிந்தால் போதும்.) பட்டா யார் பெயரில் இருக்கிறது? நம்ம நிலத்தின் பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், வில்லங்கமும் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம். இதற்காக பஸ் ஏறி வந்து கடையில் காசு கொடுத்துக் காத்திருக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். டைப் அடிக்கத் தெரியாதே என்பார்கள். வேண்டாம், மைக்கை அமுக்கித் தமிழில் பேசினால் போதும். கூகுளில் 2017 முதலே தமிழில் பேசித் தேடலாம். நம்ம ஊர் வழக்கில் பேசினால் சில சமயம் வேறு எதையோ காட்டும், அது வேற காமெடி.

வாட்ஸ்ஆப்பில் வருவதெல்லாம் உண்மை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது பெரியவர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை என்பதால் இங்கே நீட்டவில்லை.

இன்னொன்றை யாரும் சொல்லித்தருவதே இல்லை: படிக்கக் கிடைப்பது. பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகை எழுதிய ஓவியர், வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகமும் நோட்டீசும் பத்திரிகையும் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது இன்று சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அப்படி ஒரு மனிதர் வீட்டில் அடுக்கி வைத்திருந்த மாதிரியான பழைய நூல்களில் எத்தனையோ இன்று போனிலேயே கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருக்கிற தமிழர்கள் காசு வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் கம்பராமாயணம் உரையோடு இருக்கிறது. காரைக்குடியில் கம்பன் விழாவுக்கு வருஷம் தவறாமல் போகிற ஒரு ஐயாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண் மங்கியதால் இரண்டு வருஷமாகப் புத்தகம் படிக்கவில்லையாம். அன்று சாயங்காலம் வரை போன் என் கைக்கு வரவில்லை :-)

"இவ்வளவு எதுக்குப்பா, பிள்ளைகள் செய்து கொடுத்தா போச்சு" என்பார்கள். எந்தப் பிள்ளைகள்? நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக்கிடக்கிற மாதிரித்தான் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில். மீதி வீட்டில் தனியாக ஒரு பெரியவர். அவர் தன் பென்ஷன் வந்ததா என்று பார்க்கக்கூட இன்னொருவரைக் கெஞ்ச வேண்டும், ஓடிபியை எவரிடமாவது சொல்ல வேண்டும். பணக் கணக்கு இன்னொருவர் கையில் இருந்தால் வீட்டில் பேச்சும் அவர் கையில்தான். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். கணக்கு அம்மா பெயரில், போன் நம்பர் மகனுடையது, மெசேஜ் மகனுக்குத்தான் வரும்.

அதே சமயம், எல்லோரும் கற்றே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்கிறவருக்கு வங்கியிலும் ரயில் நிலையத்திலும் ஒரு கவுன்ட்டர், அதில் ஒரு மனிதர், கட்டாயம் இருக்க வேண்டும். "ஆன்லைன்ல பாத்துக்கங்க" என்று 75 வயதுக்காரரைத் திருப்பி அனுப்புவதை வளர்ச்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எப்படிச் சொல்லித்தருவது? அதற்கும் நம்ம ஊரில் முறை இருக்கிறது. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேருகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், சின்னக் கணக்கைத் தானே எழுதுவான், அப்புறம் அடுத்தாள் ஆவான், கடைசியில் மேலாள். பேனா அவன் கையில் இருக்கும். போனும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நம் கை பின்னால் கட்டியிருக்கட்டும். முதல் நாள் ஒரு ரூபாய்ப் பயிற்சி போதும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள், அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும்போது பின் நம்பர் கேட்டது, வாங்கும்போது கேட்கவில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

நம்ம கல்லூரிகளில் என்எஸ்எஸ் முகாம் என்று வருஷா வருஷம் ஏழு நாள் கிராமத்துக்குப் போகிறோம். கோயிலைச் சுற்றிப் புல் செதுக்குகிறோம், மரக்கன்று வைக்கிறோம், பேரணி போகிறோம். அதில் ஒரு நாளை இதற்குக் கொடுத்தால் என்ன? பேச்சாளர் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். ஒரு திண்ணை, ஒரு மாணவருக்கு இரண்டு பெரியவர்கள், ஒரு மணி நேரம். வருகிறவர்கள் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டும், மூக்குக்கண்ணாடியையும் மறக்காமல்.